அறையின் ஒளியும் செடியின் சுபாவமும்

நான் குடியிருப்பது சென்னையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். கூடத்திற்கு ஒரே ஜன்னல். அதற்கு நேரே ஐந்தடி தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மேலே அகலமான சன்ஷேடு. பகல் பதினொரு மணிக்கும் பத்திரிகையின் பொடியெழுத்தைப் படிக்க விளக்கைப் போட வேண்டிய அந்தக் கூடத்தில், பசுமையாக ஏதேனும் ஒன்று கண்ணில் பட வேண்டுமென்ற ஆசையால், சிவப்பும் மஞ்சளும் கலந்து மின்னிய குரோட்டன்ஸ் செடியொன்றை நர்சரியிலிருந்து வாங்கி வந்து முக்காலியின்மேல் வைத்து, நாள்தோறும் காலையில் தவறாமல் நீரூற்றி வந்தேன். மூன்றாம் வாரத்தில் அடியிலைகள் உதிரத் தொடங்கின. நீர் போதவில்லை போலும் என்று எண்ணிக் கூடுதலாக ஊற்றினேன். ஆறாம் வாரத்தில் நுனியில் நான்கு இலைகளுடன் வெறுந்தண்டு நின்றது. தொட்டியைக் கவிழ்த்தபோது வேர்கள் பழுப்பேறிக் குழைந்து சேற்று நாற்றம் அடித்தன.

அந்தச் செடி இறந்த காரணத்தை அறிய வேண்டுமென்ற எண்ணமே, வெளிச்சம் குறைந்த அறைக்கு ஏற்ற செடி எது என்னும் வினாவை முழுமையாக ஆராயும்படி என்னைத் தூண்டிற்று. படித்தும் வளர்த்தும் பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று: இருட்டை விரும்பும் பச்சைச் செடி உலகில் கிடையாது, சொற்ப வருமானத்தில் குடித்தனம் நடத்தத் தெரிந்த செடிகள் சில உண்டு. ஆகவே, அறைக்கு வரும் ஒளியாகிய வருமானத்தை முதலில் அளந்தறிந்து, அதற்குள் வாழக்கூடிய செடியைப் பிறகு தேர்ந்து, அதன் செலவை நம்முடைய அவசர அன்பினால் பெருக்கிவிடாமல் இருப்பதே இக்கலையின் சாரம் என்று சொல்லலாம்.

நம் முன்னோருக்கு இந்த வினா எழ வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வெயிலின் கொடுமைக்கு அஞ்சி அறைகளை இருளாகவும் குளிர்ச்சியாகவும் கட்டியவர்கள், செடிக்குரிய இடத்தை முற்றத்திலும் கொல்லையிலும் ஒதுக்கினார்கள். துளசி மாடத்தில் நின்றது, வாழையும் சேம்பும் கிணற்றடியில் தழைத்தன. முற்றமும் கொல்லையும் போய், நான்கு சுவர்களே வீடென்று ஆகிவிட்ட பட்டணத்து வாழ்வில்தான், செடியை அறைக்குள் அழைத்து வரும் நிலைமை நமக்கு நேர்ந்திருக்கிறது.

இந்த நிலைமை நமக்கு முன்பே லண்டன் மாநகரத்தாருக்கு நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்கரிப் புகை கவிந்த அந்நகரின் கிழக்குப் பகுதியில் வைத்தியத் தொழில் செய்துவந்த நத்தானியேல் வார்டு என்பவர், தம் தோட்டத்தில் பெரணிகளை வளர்க்க முயன்று, புகையினால் அவை மடிவதைக் கண்டு மனம் நொந்திருந்தார். 1829ஆம் ஆண்டில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் புதைத்து மூடிவைத்த கண்ணாடிக் குப்பிக்குள், யாரும் விதைக்காத பெரணி ஒன்றும் புல் ஒன்றும் முளைத்து நலமாக வளர்வதை அவர் கண்டார். குப்பிக்குள் எழுந்த நீராவி கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணிலேயே இறங்கியது. புகை உள்ளே புகவில்லை. இதிலிருந்து பிறந்த வார்டுப் பெட்டிகள் 1833இல் செடிகளைச் சுமந்து கப்பலேறி ஆஸ்திரேலியாவின் சிட்னி வரை சென்றன. பெட்டியின் தத்துவத்தை விளக்கி 1842இல் அவர் ஒரு நூலும் வெளியிட்டார்.

பெட்டியில்லாமலே அந்த இருண்ட கூடங்களை வென்ற செடி ஒன்று உண்டு. ஜப்பானின் தெற்குத் தீவுகளில் மரநிழலில் வளரும் ஆஸ்பிடிஸ்ட்ரா, 1820களில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டது. கனத்த திரைகள் தொங்கும் கூடத்தின் மங்கலையும், வாயு விளக்கின் நச்சுப் புகையையும், குளிரையும் தூசியையும் ஒருசேரப் பொறுத்துக்கொண்டு அது வாழ்ந்ததனால், வார்ப்பிரும்புச் செடி என்னும் பட்டப்பெயரைப் பெற்றது. அந்நாட்டு மத்தியதரக் குடும்பங்களின் கௌரவச் சின்னமாகவே அது ஆகிவிட்டதென்பதற்கு, ஜார்ஜ் ஆர்வெல் 1936இல் வெளியிட்ட நாவல் ஒன்றின் தலைப்பிலேயே அது இடம்பெற்றிருப்பது சான்று.

இனி ஒளியின் கணக்கைப் பார்ப்போம். இங்கே நம்மை ஏமாற்றுவது நம்முடைய கண்ணே. வெளிச்சம் மிகும்போது சுருங்கியும் குறையும்போது விரிந்தும் தன்னைச் சரிசெய்துகொள்ளும் கண்ணுக்கு, வெளியுலகிற்கும் அறைக்கும் உள்ள வேற்றுமை சிறிதாகவே தோன்றுகிறது. இலைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. திறந்த வெளியில் உச்சிவெயிலின் பிரகாசம் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய நாளில் அது 10,000 லக்ஸ் அளவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கலாம். ஜன்னலை ஒட்டிய இடத்தில் ஆயிரம், இரண்டாயிரம் என்று அது இறங்கி, எட்டடி பத்தடி உள்ளே நகர்ந்தால் 100 லக்ஸுக்கும் தாழ்ந்துவிடுகிறது. நம் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கலாகத் தோன்றும் மூலை, செடியின் கணக்கில் வெளிவெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வீட்டுச் செடிகளைப் பற்றி எழுதுவோர் குறைந்த ஒளி என்று வகுப்பது பொதுவாக 250 முதல் 1,000 லக்ஸ் வரை; அதற்கும் கீழே போனால், எந்தச் செடியும் நெடுநாள் நிலைக்குமென்று உறுதி கூற இயலாது.

கருவி இல்லாதவர்களுக்கு ஒரு சுலபமான பரீட்சை உண்டு. வானம் தெளிந்த நாளில் நண்பகலில், செடி வைக்க எண்ணிய இடத்தில் வெள்ளைக் காகிதம் ஒன்றை விரித்து, அதற்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் பிரிந்து கூர்மையாக நிழல் விழுந்தால் அங்கே ஒளி மிகுதி. கையின் உருவம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் நடுத்தரம். கறை படிந்ததுபோல் ஏதோ கலங்கித் தெரிந்தால் குறைவு. நிழலே இல்லையெனில் அவ்விடம் செடிக்கு உரியதன்று. என் கூடத்து முக்காலியின்மேல் இதைச் செய்து பார்த்தபோது நிழலே விழவில்லை. ஜன்னலிலிருந்து மூன்றடிக்குள் வந்த பிறகுதான் கையின் உருவம் மெல்லத் தெரிந்தது. குரோட்டன்ஸின் விதி செடியை வைத்த இடத்திலேயே நிர்ணயமாகிவிட்டதென்று அப்போதுதான் உணர்ந்தேன்.

ஜன்னலின் திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வடக்கு ஜன்னலுக்குச் சூரியன் வருவதேயில்லை என்று ஐரோப்பியத் தோட்ட நூல்கள் கூறும். அதை நாம் அப்படியே ஏற்கலாகாது. சென்னை 13 பாகை வடக்கில் உள்ளது. சூரியனோ 23½ பாகை வரை வடக்கே செல்கிறது. ஆகையால் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை நண்பகற் சூரியன் நமக்கு வடபுறத்தில் நின்று, வடக்கு ஜன்னலின் வழியே எட்டிப் பார்க்கிறது. மார்கழியிலும் தையிலும் தெற்கு ஜன்னலின் வழியே சாய்ந்து உள்ளே வருகிறது. மேற்கு ஜன்னலில் சித்திரை வைகாசி மாலைவெயில் நிழற்செடியின் இலையைக் கருக்கிவிடும். ஒரே அறை ஆண்டின் ஆறு பருவங்களிலும் ஒரே அறையாக இருப்பதில்லை என்பதை மனத்திற்கொண்டு, தொட்டியை முன்னும் பின்னும் நகர்த்தத் தயாராக இருக்க வேண்டும்.

ஒளியாகிய வருமானத்திற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது செடியின் செலவுக் கணக்கு. செடி ஒளிச்சேர்க்கையினால் உணவைச் சம்பாதிக்கிறது. இரவும் பகலும் சுவாசத்தினால் அதைச் செலவழிக்கிறது. இரண்டும் சரியாக நிற்கும் ஒளியளவை ஈடுசெய் நிலை என்று தாவர சாஸ்திரிகள் கூறுவர். வெயிலில் வளரும் செம்பருத்திக்கு அந்த நிலை உயரத்தில் இருக்கிறது. மழைக்காட்டின் தரையில், உச்சியில் விழும் ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கை மட்டுமே பெற்றுத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய செடிக்கு அது மிகத் தாழ்வாக இருக்கிறது. அத்தகைய செடியின் இலை அகன்றும் மெல்லியதாகவும் இருக்கும். அது மெதுவாகச் சுவாசிக்கும், மெதுவாக வளரும், இலையை எளிதில் உதிர்க்காது. நிதானமே அதன் செல்வம். அறைச் செடியின் மந்தமான வளர்ச்சியைக் கண்டு ஏங்குகிறவர்கள், அந்த மந்தத்தினாலேயே அது உயிரோடிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இத்தகைய செடிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், முதலிடம் பெறுவது நம் கிணற்றடிச் சேம்பின் குடும்பமே. கருணையும் சேனையும் பிறந்த அதே குலத்தில்தான் மணி பிளாண்டும், அக்லோனீமாவும், இசட் இசட் என்று நர்சரிகளில் வழங்கும் ஜாமியோகல்காஸும், பீஸ் லில்லியும், இதய வடிவ இலையுடைய பிலோடென்ட்ரானும் தோன்றியிருக்கின்றன. மணி பிளாண்டின் தாயகம் பசிபிக் சமுத்திரத்தில் சொஸைட்டி தீவுகளைச் சேர்ந்த மூரியா. மரத்தைப் பற்றி ஏறும் அதன் இலை அங்கே முறம்போல் அகன்று கிழிபட்டிருக்கும். நம் அலமாரியில் தொங்கும்போது வெற்றிலையளவோடு நின்றுவிடும். ஒரே கொடியிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை ஜன்னலருகிலும் மற்றொன்றைப் பத்தடி உள்ளே புத்தக அலமாரியிலும் நான் வைத்துப் பார்த்தேன். ஆறு மாதத்தில் முன்னது, பொன்னிறத் தெறிப்புகளோடு கணுவுக்குக் கணு நெருங்கிய இலைகளை விட்டது; பின்னது உயிரோடுதான் இருந்தது, ஆனால் கணுக்களின் இடைவெளி ஒரு சாண் நீண்டு, புதிய இலைகள் சிறுத்து, பொன்னிறம் மங்கி முழுப் பச்சையாகிவிட்டது. பச்சையம் இல்லாத வெளிறிய பகுதியால் உணவு தயாரிக்க முடியாதாகையால், வறுமையில் செடிக்கு அலங்காரம் கட்டுப்படியாவதில்லை. கரும்பச்சை இலையுடைய வகையை இருண்ட மூலைக்கும், வரியும் புள்ளியும் உடைய வகையை ஜன்னலோரத்திற்கும் தேர்வது என்ற விதி இதனால் பெறப்படும்.

அக்லோனீமா தென்கிழக்காசியக் காடுகளின் தரையில் வளர்வது. அதன் வெள்ளி படர்ந்த பச்சை வகைகள் என் அனுபவத்தில் குறைந்த ஒளிக்கு மிகவும் இணங்குகின்றன. இப்போது சந்தையில் பெருகியிருக்கும் செவ்வண்ண வகைகளுக்கோ வெளிச்சம் கூடுதலாக வேண்டும். கிழக்காப்பிரிக்காவைச் சேர்ந்த இசட் இசட் செடி, மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போன்ற தண்டிலும் பருத்த இலைக்காம்பிலும் நீரைச் சேமித்து வைத்திருப்பதனால், மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தாலும் முகம் வாடாமல் நிற்கும். டச்சு நாட்டு நர்சரிகள் 1996 வாக்கில் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியபின்பே உலகம் முழுவதும் பரவிய இது, வீட்டுச் செடிகளுள் இளையது. பீஸ் லில்லி இருளைச் சகிக்கும். ஆனால் அதன் வெண்மடலைக் காண விரும்புவோர் அதற்கு ஜன்னலருகில் இடம் தர வேண்டும்.

இரண்டாவது குலம், நாட்டு வைத்தியர் போற்றும் தண்ணீர்விட்டான் கிழங்கின் குலம். முன்னே சொன்ன ஆஸ்பிடிஸ்ட்ராவும், டிரசீனாக்களும், ஸ்நேக் பிளாண்ட் என்று விற்கப்படும் சான்சிவேரியாவும் இதனுள் அடங்கும். சான்சிவேரியாவில் விற்பனைக்கு வருவது மேற்காப்பிரிக்க வகை. அதன் சகோதரி நம்முடைய வறண்ட வேலியோரங்களில் மருள் என்ற பெயரோடு வளர்கிறது. அதன் நார் வில்லுக்கு நாணாகப் பயன்பட்டது. சங்க நூல்களில் மரல் என்று வருவதும் இதுவே என்பர். இந்த இனம் வெயிலில் பிறந்தது, வெயிலில்தான் செழிக்கும். எனினும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கும் சிக்கன சுபாவம் உடையதாகையால், மங்கிய அறையிலும் வருஷக்கணக்கில் மாறாமல் நிற்கும். இரவில் அது பிராணவாயுவைப் பொழிகிறது என்று சொல்லி விற்பதில் பிழை இருக்கிறது. இரவில் அது வாங்கிச் சேமிப்பது கரியமில வாயுவை. பிராணவாயு உண்டாவது ஒளி உள்ளபோதுதான்.

பெரணிகளையும் சிறு பனைகளையும் மூன்றாவது வகுப்பாகக் கொள்ளலாம். மெக்சிக்கோ, குவாத்தமாலா காடுகளிலிருந்து வந்த கூடப் பனை மங்கலைத் தாங்கும். பெரணி நிழலைத் தாங்கினாலும் வறண்ட காற்றைத் தாங்காது; கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் தழைக்கும் அது, குளிர்சாதனம் ஓடும் அறையில் ஓரம் கருகிப்போகும். துளசி, மல்லிகை, ரோஜா, செம்பருத்தி, குரோட்டன்ஸ், கள்ளி ஆகியவை எவ்வளவு அன்போடு பேணினாலும் மங்கிய அறையில் வாழ மாட்டா. அவற்றை அங்கே கொண்டுவராதிருப்பதே அவற்றுக்குச் செய்யும் உபகாரம்.

செடியின் ஜாதியைத் தேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. அது வளர்ந்த இடத்தையும் விசாரிக்க வேண்டும். நம் நர்சரிகளில் விற்கும் செடிகள் பலவும், ஆந்திரத்தின் கிழக்குக் கோதாவரி ஜில்லாவிலுள்ள கடியம் போன்ற இடங்களில் திறந்த வெளியிலோ பச்சை நிழல்வலையின் கீழோ வளர்ந்து லாரியேறி வந்தவை. நல்ல வெளிச்சத்தில் உண்டான தடித்த இலை, இருண்ட அறையில் தன் செலவைக் குறைத்துக்கொள்ள அறியாமல் உதிர்ந்துவிடும். 1970களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோனோவர், பூல் என்னும் இருவரும், விற்பனைக்கு முன்பே செடிகளை நிழலிலும் குறைந்த உரத்திலும் பழக்கினால் அவை வீட்டுக்குள் இலை உதிர்க்காமல் நிலைக்கின்றன என்பதைத் தம் ஆராய்ச்சிகளால் நிலைநாட்டினர். ஆகவே வலையின் உட்பகுதியில் இருந்த செடியை, புதுக்குருத்து விட்டிருப்பதைப் பார்த்து வாங்கி, ஒரு வாரம் பால்கனியின் நிழலிலும் மற்றொரு வாரம் ஜன்னலோரத்திலும் வைத்து, பிறகே அதற்குரிய இடத்தில் அமர்த்துவது விவேகம்.

மங்கிய அறையில் செடிகள் பெரும்பாலும் மடிவது தாகத்தினால் அன்று; மிகையான நீரினால்தான். ஒளி குறைந்தால் இலை நீராவியை வெளிவிடுவது குறைகிறது, மண் காய்வதில்லை, காற்றில்லாத ஈரத்தில் வேர் அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாதபடியால் இலை வாடுகிறது. வாட்டத்தைக் கண்டு நாம் மேலும் நீரூற்றுகிறோம். என் குரோட்டன்ஸுக்கு நேர்ந்தது இதுதான். கிழமையைக் கணக்கிட்டு ஊற்றாமல், விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் செலுத்தி ஈரமில்லையென்று கண்டபின்பு ஊற்ற வேண்டும்; தொட்டியைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் கனமே உண்மையைச் சொல்லிவிடும். செம்மண்ணோடு தென்னைநார்த் தூளும் மணலும் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நடுவது உத்தமம். உரம் வெளிச்சத்திற்கு ஈடாகாது; இரண்டு மூன்று மாதத்திற்கொரு முறை சிறிதளவு போதும். இலையில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைப்பதோ, கிடைக்கும் சொற்ப ஒளியையும் காப்பாற்றித் தருவதாகும். தட்டில் தேங்கும் நீரிலும், மணி பிளாண்டு வைத்த குப்பியிலும் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுமாகையால், அந்த நீரை வாரத்திற்கொரு முறையாவது தவறாமல் கொட்டிவிட வேண்டும்.

இயற்கையொளி அறவே எட்டாத இடத்திற்கு மின்விளக்கு உதவும். சாதாரண வெண்ணிற எல்இடி விளக்கையே இலைக்கு ஓரடி உயரத்தில் தொங்கவிட்டு நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டால் அக்லோனீமாவும் மணி பிளாண்டும் நன்றாக வாழும். கூரையில் எட்டடி உயரத்தில் எரியும் விளக்கு அந்தப் பலனைத் தராது, ஏனெனில் தூரம் இரட்டித்தால் ஒளி கால்பங்காகக் குறைகிறது. விளக்கு வேண்டாமெனில், இரண்டு தொட்டிகளை வைத்துக்கொண்டு, ஒன்று கூடத்தில் இருக்கையில் மற்றொன்றைப் பால்கனி நிழலில் இளைப்பாறவிட்டு, பதினைந்து நாளைக்கொரு முறை மாற்றி வைக்கலாம்.

இச்செடிகள் வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கையையும் பரிசீலிக்க வேண்டும். 1989இல் நாசாவுக்காகச் செய்யப்பட்ட ஆராய்ச்சி, மூடிய சிறு அறைகளில் செடிகள் சில நச்சு வாயுக்களைக் குறைத்ததைக் காட்டியது. ஆனால் இத்தகைய ஆராய்ச்சிகளை ஒருங்கே ஆராய்ந்து 2019இல் வெளிவந்த கட்டுரை, சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகளே செய்ய வேண்டுமானால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. காற்றுக்கு ஜன்னலைத் திறப்பதே வழி. மேலும், சரியாக வேகாத கருணைக்கிழங்கு நாக்கை நமைக்கச் செய்யும் அதே ஊசிப்படிகங்கள் மணி பிளாண்டிலும் அக்லோனீமாவிலும் இசட் இசட் செடியிலும் இருப்பதனால், தவழும் குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் இவற்றை எட்டாத உயரத்தில் வைப்பது அவசியம்.

இப்போது என் கூடத்து முக்காலியின்மேல் எதுவுமில்லை. ஜன்னலிலிருந்து மூன்றடிக்குள், கையின் நிழல் விழுந்த அந்த இடத்தில், இசட் இசட் செடி ஒன்றும் கரும்பச்சை அக்லோனீமா ஒன்றும் நிற்கின்றன. இசட் இசட் செடி ஏழு மாத காலம் ஒரு மாற்றமும் காட்டாமல் இருந்தது. பழைய வழக்கப்படி நீரூற்றத் துடித்த கையை நானும் அடக்கிக்கொண்டே இருந்தேன். எட்டாம் மாதத்தில் ஒரு காலை, மண்ணைப் பிளந்துகொண்டு, சுருட்டிய வெற்றிலைபோல் வெளிர்பச்சைக் குருத்தொன்று அரை விரல் உயரத்திற்கு எழுந்திருந்தது. அந்த மங்கிய வெளிச்சத்தில் ஏழு மாதமாகக் காசுக்குக் காசு சேர்த்து, செலவு போக எஞ்சியதைக் கொண்டு அது எழுப்பிய குருத்து அது. விரலை மண்ணில் வைத்துப் பார்த்தேன், ஈரம் இருந்தது, நீர்ச்செம்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.